தருமமன்று, நீதி: 1920இல் லண்டனுக்கு நடந்த பார்வையற்ற தொழிலாளர்

1920ஆம் ஆண்டில் உயிர்த்தெழுந்த திருநாள் ஏப்ரல் 4ஆம் தேதி வந்தது. மறுநாள் திங்கட்கிழமை, இங்கிலாந்தின் வடபகுதியிலுள்ள லீட்ஸ், மான்செஸ்டர் நகரங்களிலிருந்தும் வேல்ஸ் பகுதியிலுள்ள நியூபோர்ட்டிலிருந்தும் மூன்று அணியினர் லண்டனை நோக்கி நடக்கத் தொடங்கினர். ஏறக்குறைய 250 பேர் அடங்கிய அக்கூட்டத்தினர் பார்வையற்றவர்கள். கூடை முடைவதும் பிரஷ் கட்டுவதும் மிதியடிப் பாய் நெய்வதும் அவர்களில் பலருக்குத் தொழில். மூன்று வாரங்கள் சாலைவழியே நடந்து, ஏப்ரல் 25ஆம் நாள் ஞாயிறன்று அவர்கள் லண்டனின் டிரஃபால்கர் சதுக்கத்தை அடைந்தபோது, அங்கே பெருந்திரளான மக்கள் கூடியிருந்தனர். அவர்கள் ஏந்திவந்த பதாகையில் இருந்தவை மூன்றே சொற்கள். அவற்றைத் தமிழில் சொல்வதானால், 'தருமமன்று, நீதி' எனலாம்.

இம்மொழிபெயர்ப்பு முற்றிலும் பொருந்தாது என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். நம் மொழியில் 'தருமம்' என்னும் சொல் இருவேறு பொருள்களைச் சுமந்து நிற்கிறது. வாசலில் நிற்பவனுக்கு இடும் பிடியரிசியும் தருமம். அரசன் வழுவாது காக்க வேண்டிய அறநெறியும் தருமம். ஒரே சொல்லில் இரண்டும் அடங்கிவிட்டமையால், முதலாவதைச் செய்தவுடன் இரண்டாவதையும் செய்து முடித்துவிட்டோம் என்னும் நிறைவு நமக்கு எளிதாக வந்துவிடுகிறது. ஆங்கிலேயருக்கு அதற்கென வேறு சொல் இருந்தும் அதே நிறைவு அவர்களையும் விடவில்லை. அப்பதாகை அரசாங்கத்தை நோக்கி மட்டும் ஏந்தப்பட்டதன்று. நூற்று முப்பது ஆண்டுகளாகப் பார்வையற்றோருக்கென்று தொழிற்கூடங்களை நடத்திவந்த நல்லெண்ணம் கொண்ட கிறிஸ்தவப் பெருமக்களை நோக்கியும் அது ஏந்தப்பட்டது. ஆகவேதான் இவ்வரலாறு திருச்சபையின் தொண்டு வரலாற்றைப் படிப்போர் கருத்தூன்ற வேண்டியதாகிறது.

பிரிட்டனில் பார்வையற்றோருக்கான முதற்பள்ளி 1791ஆம் ஆண்டு லிவர்பூல் நகரில் தோன்றியது. அதன் தோற்றத்திற்குக் காரணமாயிருந்தவர் எட்வர்டு ரஷ்டன் என்னும் கவிஞர். அவர் இளமையில் கப்பலோட்டியாயிருந்தவர். 1773ஆம் ஆண்டு அடிமைகளை ஏற்றிச் சென்ற கப்பலொன்றில் பணியாற்றியபோது, கப்பலின் அடித்தளத்தில் அடைபட்டிருந்த ஆப்பிரிக்கரிடையே கொடிய கண்நோய் பரவிற்று. மற்றவர் அஞ்சி விலகி நிற்க, ரஷ்டன் அவர்களுக்கு உணவும் நீரும் கொண்டு சென்றார். அந்நோய் அவரையும் பற்றியது, பார்வை போயிற்று. பிற்காலத்தில் அவர் அடிமை வாணிகத்தைக் கடுமையாக எதிர்த்தார். விடுதலை பேசிய ஜார்ஜ் வாஷிங்டன் அடிமைகளை வைத்திருப்பது எவ்வாறு தகும் என்று அவருக்கே கடிதம் எழுதிக் கண்டித்தவர் இவர்.

ரஷ்டன் முதலில் எண்ணியது பள்ளியன்று; பார்வையற்ற ஏழையர்க்கு உதவும் ஒரு நிதி. அவ்வெண்ணத்தை ஹென்றி டானெட் என்னும் குருவானவரும் நகரப் பெருமக்களும் எடுத்து விரித்தபோது, அது சந்தா செலுத்துவோரும் நிர்வாகக் குழுவும் விதிமுறைகளும் கொண்டதொரு நிறுவனமாயிற்று. அதைத் தொடர்ந்து 1793இல் எடின்பரோவிலும் 1799இல் லண்டனிலும் அத்தகைய நிறுவனங்கள் எழுந்தன. பார்வையற்றவன் பிச்சையெடுக்க வேண்டியதில்லை, கைத்தொழில் கற்று உழைக்க முடியும் என்பதை அவை உலகத்திற்குக் காட்டின. அது சிறிய சாதனையன்று. ஆயினும், எந்தத் தொழில், எவ்வளவு கூலி, எத்தனை மணிக்கு எழுவது, யாரை மணப்பது தகும் என்பனவற்றிலெல்லாம் பார்வையுள்ளோர் முடிவுசெய்யும் வழக்கமும் அவற்றோடு சேர்ந்தே வளர்ந்தது.

இவ்வழக்கத்திற்கு மாறாக எண்ணிய ஓரம்மையாரைப் பற்றிச் சற்று விரிவாகக் கூறுவது தகும். சிசெஸ்டர் பேராயரின் மகளாகிய எலிசபெத் கில்பர்ட், மூன்று வயது நிரம்புமுன் செங்காய்ச்சலால் பார்வையிழந்தவர். வசதியான குடும்பத்தில் வளர்ந்து பல மொழிகளும் இசையும் கற்றவர். அவர் எண்ணியிருந்தால் பேராயர் இல்லத்தில் கவலையின்றி வாழ்ந்திருக்கலாம். ஆனால், தொழில் கற்றுப் பள்ளியைவிட்டு வெளியேறிய பார்வையற்றவர்களின் நிலை அவரை வருத்தியது. கற்ற தொழிலுக்குச் சந்தையில்லை. மூலப்பொருள் வாங்கப் பணமில்லை. செய்த பொருளை விற்க இடமில்லை. ஆகவே அவர்கள் மீண்டும் தெருவோரத்திற்கே வந்தனர். 1854ஆம் ஆண்டு எலிசபெத் அம்மையார் லண்டனில் ஒரு சிறு நிலவறைக் கடையில் தம் பணியைத் தொடங்கினார். தங்கள் வீடுகளிலிருந்தே உழைத்த ஏழு பேருக்கு மூலப்பொருளை வாங்கிக்கொடுத்து, அவர்கள் செய்தவற்றை விற்று, கிடைத்த பணத்தை அவர்களிடமே சேர்ப்பித்தார். அவருக்குத் துணைநின்று நிர்வாகம் நடத்திய வில்லியம் ஹேங்க்ஸ் லெவி என்பாரும் பார்வையற்றவரே. பார்வையற்றோர் அமைப்பொன்றைப் பார்வையற்ற ஒருவர் நிர்வகிக்க முடியுமா என்னும் ஐயம் அக்காலத்தில் இயல்பாகவே எழக்கூடியது. அதற்கு அம்மையார் வாதத்தால் விடையிறுக்கவில்லை. லெவியைப் பணியில் அமர்த்தினார்; அவ்வளவே.

பின்னர் 1868ஆம் ஆண்டு, பார்வைக்குறைவால் மருத்துவத் தொழிலைக் கைவிட நேர்ந்த டாக்டர் ஆர்மிட்டேஜ் ஒரு சங்கத்தை நிறுவினார். பார்வையற்றோருக்கு எந்த எழுத்துமுறை ஏற்றது என்பதை, விரலால் படிக்க வேண்டியவர்களே தீர்மானிக்க வேண்டும் என்று அவர் வற்புறுத்தினார். ஆதலால் அதன் நிர்வாகக் குழுவில் பார்வையற்றவர்களே இடம்பெற்றனர். அதுவரை பார்வையுள்ள அறிஞர்கள் கண்ணுக்கு அழகாகத் தோன்றும் எழுத்துமுறைகளைப் பலவாறு புனைந்து, ஒவ்வொருவரும் தம்முடையதே சிறந்ததென வாதிட்டு வந்தனர். இக்குழுவோ பல முறைகளையும் விரலால் சோதித்துப் பார்த்து, பிரெயில் முறையைத் தெரிந்துகொண்டது. 1872இல் அதே ஆர்மிட்டேஜின் துணையோடு, அமெரிக்காவிலிருந்து வந்த பார்வையற்ற ஆசிரியராகிய பிரான்சிஸ் கேம்ப்பெல் லண்டனில் ஓர் இசைக் கல்லூரியைத் தொடங்கினார். மாணவர்களை நீந்தவும் பனிச்சறுக்கு விளையாடவும் பழக்கினார். 1880இல் தாமே மோன் பிளாங்க் மலையுச்சிக்கு ஏறினார். பார்வையற்றவன் நாற்காலியில் அமர்ந்தே இருக்க வேண்டியவன் என்று எண்ணிய முதலாளி எவனும் அவனுக்கு வேலை கொடான் என்பதை அவர் நன்கு அறிந்திருந்தார்.

இங்கே ஒரு முரண்பாட்டைக் குறிப்பிடாமல் இருக்க முடியவில்லை. 1880ஆம் ஆண்டு கிளாட்ஸ்டன் பிரதமரானபோது, பிரிட்டிஷ் அஞ்சல்துறை முழுவதற்கும் தலைவராக நியமிக்கப்பட்ட ஹென்றி ஃபாசெட் பார்வையற்றவர். 1858இல் வேட்டையின்போது தந்தையின் துப்பாக்கியிலிருந்து தவறிப் பாய்ந்த குண்டுகள் அவர் இரு கண்களையும் கெடுத்தன. அப்போது அவருக்கு வயது 25. ஐந்தாண்டுகளுக்குள் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் பொருளாதாரப் பேராசிரியரானார். அதற்கு இரண்டாண்டுகளுக்குப்பின் பாராளுமன்ற உறுப்பினரானார். துருக்கி சுல்தானுக்கு லண்டனில் அளித்த விருந்தின் செலவை இந்திய ஏழைகளின் வரிப்பணத்தில் எழுதியதைப் பாராளுமன்றத்தில் எதிர்த்துப் பேசியவர் அவர். 'இந்தியாவின் உறுப்பினர்' என்று அவரை அழைத்தனர். அஞ்சல்துறையில் சிறுதொகைக்கான போஸ்டல் ஆர்டர் முறை விரிவடைந்ததும், 1883இல் பார்சல் அஞ்சல் தொடங்கியதும் அவர் காலத்திலேயே. இத்தகையவரை கிளாட்ஸ்டன் அமைச்சரவையின் உள்வட்டத்தில் மட்டும் சேர்க்கவில்லை. மந்தணக் காகிதங்களை அவருக்கு வேறொருவர் படித்துக்காட்ட வேண்டியிருக்குமே என்பது அதற்குக் காரணமாகப் பேசப்பட்டது. ஒரு நாட்டின் கடிதங்கள் அனைத்தையும் ஒப்படைக்கத் தயங்காதவர்கள், சில காகிதங்களை ஒப்படைக்கத் தயங்கினர். அவர் பெற்ற வாய்ப்பும் பட்டறையில் பிரஷ் கட்டிய ஏழைக்கு எட்டாதது. செல்வமும் கல்வியும் படித்துக்காட்ட உதவியாளரும் உடையவனுக்குப் பார்வையின்மை ஓர் இடையூறு. அவை இல்லாதவனுக்கோ அதுவே முழு அடையாளமாக்கப்பட்டது. யோவான் நற்செய்தி 9ஆம் அதிகாரத்தில் அயலகத்தார் அம்மனிதனைப் பிச்சையெடுத்துக்கொண்டிருந்தவனாக மட்டுமே அறிந்திருந்தனர் என்பதும், அவனைப்பற்றி எல்லாரும் பேசிக்கொண்டிருக்கையில் அவனிடமே கேட்கும்படி அவன் பெற்றோர் சொல்ல வேண்டியிருந்ததும் இவ்விடத்தில் நினைவுக்கு வருகின்றன.

பட்டறைகளில் கூலி வழங்கிய முறையைப் புரிந்துகொண்டாலன்றி 1920இன் சினம் நமக்கு விளங்காது. செய்த உருப்படிக்கு இவ்வளவு என்று கூலி கணக்கிடப்பட்டது. பார்வையுள்ள தொழிலாளிக்குரிய விகிதமே இங்கும் என்பதால் வெளிப்பார்வைக்கு அது நேர்மையாகவே தோன்றும். ஆனால் பார்வையற்றவருக்கு நேரம் கூடுதலாகப் பிடித்தது. மேலும், கூடை, பிரஷ் போன்ற தொழில்களில் எந்திரங்களும் வெளிநாட்டுச் சரக்கும் வந்து விலையைத் தாழ்த்திவிட்டன. வாரமுழுதும் உழைத்தும் குடும்பம் உண்ணப் போதிய கூலி பலருக்குக் கிட்டவில்லை. இக்குறையை நிரப்ப நிர்வாகங்கள் ஒரு நிரப்புத்தொகையை வழங்கின. அது கூலியன்று, நன்கொடை. ஆகவே அதைக் கூட்டவும் குறைக்கவும் நிறுத்தவும் குழுவுக்கு உரிமை உண்டு. ஒழுங்காய் நடப்பவனா, நன்றியுள்ளவனா என்று பார்த்துக் கொடுக்கப்படும் தொகையை நம்பி வாழ்பவன், தன் முதலாளியிடம் வாய்திறந்து எதையும் கேட்கமாட்டான். ஆண்டறிக்கைகள் அவனுடைய நன்றியைப் புகழ்ந்து எழுதும். மேற்பார்வையாளரின் ஊதியமோ நன்கொடைப் பணத்திலிருந்து தடையின்றிச் செலவாகும்.

1893ஆம் ஆண்டுச் சட்டம் பார்வையற்ற சிறுவர்க்குக் கல்வியைக் கட்டாயமாக்கிற்று. பிரெயில் கற்றுப் பட்டறைக்குள் வந்த புதிய தலைமுறை முந்தினோரைப்போல் மௌனமாக இருக்க ஒப்பவில்லை. 1899இல் பார்வையற்றோர் தேசியச் சங்கம் ஒரு தொழிற்சங்கமாகவே பதிவு பெற்றது. 1902இல் தொழிற்சங்கப் பேரவையுடன் இணைந்தது. அதன் பொதுச்செயலாளராயிருந்த பென் பர்ஸ் பார்வையற்றவர். அறநிலையங்களிடமிருந்து பொறுப்பை எடுத்து அரசே ஏற்க வேண்டும். வேலை செய்ய வல்லவருக்கு வேலையும் வாழத்தக்க கூலியும், இயலாதவருக்கு உதவித்தொகையும் உரிமையாக வேண்டும் என்பவை சங்கத்தின் கோரிக்கைகள். நன்மை செய்வோருக்கு எதிராகத் தொழிற்சங்கம் அமைப்பது நன்றிகெட்ட செயல் என்று கருதியவர் பலர். கருணைக்கு எதிராக எவ்வாறு வேலைநிறுத்தம் செய்வது? இவ்வினாவின் கூர்மையை நம் நிறுவனங்களில் ஊதியம் கேட்ட ஊழியரிடம் 'இது வேலையன்று, ஊழியம்' என்று சொல்லக் கேட்டவர்கள் அறிவார்கள்.

முதல் உலகப்போர் மக்களின் மனப்பாங்கை மாற்றிற்று. ஆனால் ஒரு பகுதியாருக்கு மட்டுமே. பார்வையிழந்த போர்வீரர்களுக்காக 1915இல் ஆர்தர் பியர்சன் செயின்ட் டன்ஸ்டன்ஸ் என்னும் இல்லத்தை லண்டனில் தொடங்கினார். செய்தித்தாள் உரிமையாளராயிருந்து கண்ணழுத்த நோயால் பார்வையிழந்தவர் அவர். வீரர்கள் அங்கே பிரெயில் தட்டெழுத்தும் தொலைபேசி இணைப்பகப் பணியும் பிடிப்பு மருத்துவமும் கோழிவளர்ப்பும் கற்றனர். மருத்துவமனையில் படுத்திருப்பவனுக்கே தடவி மணி அறியும் கைக்கடிகாரம் ஒன்றைக் கொடுக்கும் வழக்கத்தைப் பியர்சன் ஏற்படுத்தினார். மணி என்ன என்று பிறரைக் கேளாமல் தானே அறிவது, தன்வாழ்வைத் தான் நடத்துவதற்கு முதற்படி என அவர் கருதினார்; இத்தகைய நுட்பம் நிர்வாகிகளிடம் அரிது. வங்கிகளும் அலுவலகங்களும் இவ்வீரர்களுக்குக் கதவு திறந்தன. நாட்டுக்காகக் கண்ணிழந்தவனுக்கு ஓய்வூதியம் உரிமையாயிற்று. ஆனால் சுரங்கத்திலும் ஆலையிலும் கண்ணிழந்தவனுக்கும், பிறவியிலேயே பார்வையற்றவனுக்கும் பழைய பட்டறையும் பழைய நிரப்புத்தொகையுமே எஞ்சின. ஒரே குறைபாடு ஒருவனை வீரனாகவும் மற்றவனை இரவலனாகவும் காட்டிற்று என்றால், வேறுபாடு கண்ணில் இல்லை, காண்போர் கருத்தில் இருந்தது என்பது வெளிப்படை. லீட்ஸிலும் மான்செஸ்டரிலும் நியூபோர்ட்டிலும் புறப்பட்டவர்கள் இவ்வுண்மையைக் கால்களால் எடுத்துரைத்தனர்.

ஏப்ரல் 30ஆம் நாள் பிரதமர் லாயிட் ஜார்ஜ் அவர்களுடைய தூதுக்குழுவைச் சந்தித்தார். அவ்வாண்டு ஆகஸ்டு மாதத்தில் பார்வையற்றோர் சட்டம் நிறைவேறிற்று. மற்றவருக்கு 70 வயதில் கிடைத்த முதியோர் உதவித்தொகை பார்வையற்றோருக்கு 50 வயதிலேயே கிடைக்கலாயிற்று. தம் எல்லைக்குட்பட்ட பார்வையற்றோரின் நலத்தைப் பேணுவது உள்ளாட்சி மன்றங்களின் கடமையாக்கப்பட்டது. அறநிலையங்கள் பதிவு பெறவேண்டும் என்னும் விதியும் வந்தது. சட்டம் பார்வையின்மையை வரையறுத்த விதம் கவனிக்கத்தக்கது. மருத்துவரின் அளவுகோலை அது பயன்படுத்தவில்லை. கண்பார்வை இன்றியமையாததாகிய எவ்வேலையையும் செய்ய இயலாதபடி பார்வை குன்றியவர் என்றே கூறிற்று. கண்பார்வை தேவைப்படாத வேலைகளும் உலகில் உள்ளன என்பதை அவ்வாசகம் தன்னையறியாமலே ஒப்புக்கொண்டது. அவை எவை என்பதை யார் முடிவுசெய்வது என்பது மட்டும் சொல்லப்படவில்லை.

சங்கத்தினர் மகிழவில்லை. உள்ளாட்சி மன்றங்கள் தங்கள் கடமையை அதே பழைய அறநிலையங்கள் வழியாக நிறைவேற்றிக்கொள்ளச் சட்டம் இடந்தந்தது. பணம் மட்டும் பொதுப்பணமாயிற்று. மேசையின் அப்புறத்தில் அமர்ந்திருந்தவர்கள் பெரும்பாலும் அவர்களே. சங்கத்துக்குள்ளும் பிளவு வந்தது. கிடைத்த இடத்தில் உள்ளே புகுந்து பணியாற்றுவதே நன்று என்று கருதிய பென் பர்ஸ் பிரிந்து சென்று வேறொரு சங்கத்தை அமைத்தார். அவரைத் துரோகியென்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. இருபதாண்டு வெளியில் நின்று கூவியவர் அவர். 1936இல் சங்கத்தினர் மீண்டும் ஒருமுறை லண்டனுக்கு நடந்தனர். 1938ஆம் ஆண்டுச் சட்டம் உதவித்தொகைக்குரிய வயதை 40ஆகக் குறைத்தது. 1944இல் வந்த சட்டம், 20 பேருக்குக் குறையாத ஊழியரை உடைய முதலாளிகள் நூற்றுக்கு மூவரை ஊனமுற்றோரிலிருந்து நியமிக்கும்படி கட்டளையிட்டது. ஊனமுற்றோருக்கென்றே ஒதுக்கத்தக்க தொழில்களைக் குறிக்கவும் அச்சட்டம் அதிகாரம் தந்தது. அவ்வாறு குறிக்கப்பட்டவை இரண்டே: மின்தூக்கியை இயக்குவது, கார்நிறுத்தத்தைக் காவல்காப்பது. இச்சட்டம் 1995வரை ஏட்டில் இருந்தது. அதை மீறிய முதலாளிகளில் வழக்குமன்றம் ஏறியவர் மிகச் சிலரே.

இவ்வரலாற்றின் கிளைகள் நம் நாட்டையும் தொட்டன. 1890ஆம் ஆண்டு பாளையங்கோட்டையில் ஆஸ்க்வித் அம்மையார் தொடங்கிய பார்வையற்றோர் பள்ளி, இங்கிலாந்தின் அதே தொண்டு மரபிலிருந்து வந்தது. அதன் அன்பும் அதனோடு வந்தது. கூடையும் பாயும் வந்தன. கலிப்போலிப் போரில் கண்ணிழந்து செயின்ட் டன்ஸ்டன்ஸில் பயின்ற நியூசிலாந்தியர் கிளத்தா மெக்கன்சி, இரண்டாம் உலகப்போரின்போது பார்வையிழந்த இந்திய வீரர்களுக்காக டேராடூனில் 1943இல் எழுந்த இல்லத்தை நடத்தினார். விடுதலைக்குப்பின் இந்திய அரசு பார்வையற்றோருக்கு அமைத்த பயிற்சி நிலையம் அவ்வில்லத்தின் வழிவந்ததே. 1951இல் இந்திய மொழிகளுக்குப் பொதுவான பாரதி பிரெயில் உருவானதிலும் மெக்கன்சிக்குப் பங்குண்டு.

லண்டன் நடைப்பயணத்திற்கு அறுபதாண்டுகளுக்குப்பின், 1980ஆம் ஆண்டு மார்ச் 16ஆம் நாள், வேலைவாய்ப்புக் கேட்டு டெல்லியில் ஊர்வலம் சென்ற பார்வையற்றோர்மீது காவல்துறையினர் தடியடி நடத்தினர். 1993இல்தான், குடிமைப்பணித் தேர்வைப் பிரெயிலிலோ எழுத்தரின் துணையோடோ பார்வையற்றோர் எழுதலாம் என்று உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்தது. 1995ஆம் ஆண்டுச் சட்டம் அரசுப் பணிகளில் ஊனமுற்றோருக்கு நூற்றுக்கு மூன்று இடங்களையும், அவற்றுள் ஒன்றைப் பார்வையற்றோருக்கும் ஒதுக்கிற்று. அவ்வொன்றையும் துறைகள் நிரப்பவில்லை. பார்வையற்றோர் தேசிய சம்மேளனம் நீதிமன்றத்தை நாடி, 2013 அக்டோபரில் உச்சநீதிமன்றத்தின் ஆணையைப் பெற வேண்டியிருந்தது. 2016ஆம் ஆண்டுச் சட்டம் மொத்த ஒதுக்கீட்டை நான்காக உயர்த்திற்று.

இத்தனைக்கும் பிறகு, மத்தியப் பிரதேசத்தில் பார்வையற்றோர் நீதிபதிப் பணிக்கு வரக்கூடாதென்று ஒரு விதி நின்றது. ஃபாசெட்டை அமைச்சரவைக்கு வெளியே நிறுத்திய அதே தயக்கம்தான். காகிதங்களைப் படிக்க வேண்டுமே! படித்துக்காட்டக் கணிப்பொறியே வந்துவிட்ட காலத்திலும் அது அகலவில்லை. 2025ஆம் ஆண்டு மார்ச் 3ஆம் நாள் உச்சநீதிமன்றம் அவ்விதியைச் செல்லாததாக்கிற்று. பார்வையற்ற ஒருவரின் தாய் தலைமை நீதிபதிக்கு எழுதிய கடிதத்தையே மனுவாகக் கொண்டு அவ்வழக்கு தொடங்கியது.